மண்ணுக்குள் போன பணம்

அன்புள்ள சகோதரிக்கு,



கோவில்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை ஊன்றிப் படித்தேன். மூன்று சென்ட் மனையில் தரைத்தளம் மட்டும், தொள்ளாயிரம் சதுர அடியில் ஒரு வீடு. சித்திரையில் பூமி பூஜை போட்டீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டது, சுவர் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. கையிருப்பு தீர்ந்துவிட்டது. தளம் போட்டால்தான் அடுத்த தவணை என்கிறது வங்கி. மேஸ்திரி முன்பணம் கேட்கிறார். ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் வட்டி. அக்கம்பக்கத்தார் "இம்புட்டுப் பணத்தையும் மண்ணுக்குள்ள போட்டுட்டீங்களே" என்று அங்கலாய்க்கிறார்கள். ராத்திரி நீங்களும் உங்கள் கணவரும் கணக்கு நோட்டைத் திறந்தால் அது சண்டையில்தான் முடிகிறது. "ஆரம்பித்திருக்கவே கூடாதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டட வேலையிடங்களில் வெகுகாலம் மேற்பார்வை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: ஆரம்பித்தது சரி. நீங்கள் செலவழித்த வரிசையும் சரி. இதே கேள்வியோடு லிண்டல் மட்டத்திலும் பேஸ்மென்ட் மட்டத்திலும் நிற்கும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல், எல்லோரும் படிக்கும்படி பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் அந்த மண்ணுக்குள் போன பணம். உங்கள் மனை கரிசல். பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் அருமையான மண். வீட்டுக்குப் பொல்லாத மண். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்பும். பங்குனி, சித்திரை வெயிலில் வற்றிச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மூன்றடி, நாலடி வானம் தோண்டிக் கருங்கல் கட்டி எழுப்பிய வீட்டை இந்த மண் ஆண்டுதோறும் தூக்கித் தூக்கி இறக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், மழைக்காலத்தில் சாத்த முடியாத கதவும், நடுவில் புடைத்துக்கொண்ட தரையும் அப்படித்தான் வருகின்றன. விரிசலைப் பட்டி பார்த்து வண்ணம் அடித்தாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் வாய் திறக்கும்.

உங்கள் பொறியாளர் போட்டுக்கொடுத்தது அண்டர்ரீம்டு பைல் அடித்தளம். பன்னிரண்டு அடி ஆழத்துக்குத் துளை போட்டு, அடிப்பகுதியை மட்டும் அகலமாகக் குடைந்து, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் நிரப்பியிருக்கிறார்கள். மேல்மண்தான் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். அவ்வளவு ஆழத்தில் ஈரம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால் மண் அசைவது மிகக் குறைவு. மேல்மண் உப்பித் தூணைத் தூக்கப் பார்த்தாலும் அகன்ற அடிப்பகுதி விடாது. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் கரிசல் நிலங்களுக்காகவே ஆராய்ந்து வளர்த்தெடுத்த முறை இது. செம்மண் பூமியில் இந்தச் செலவு தேவைப்பட்டிருக்காது. உங்கள் மண்ணில் தேவை. மற்றவர்கள் ஆண்டுக்கொரு முறை விரிசலுக்கு அழும் பணத்தை நீங்கள் முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிட்டீர்கள். அது தொலைந்த பணமாகாது. உங்கள் வீட்டில் இதுவரை நடந்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

அடித்தளம் சம்பந்தமாக இரண்டு விஷயங்களை மட்டும் இப்போதே பொறியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பைல்களை இணைக்கும் பீமுக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் நடுவே மூன்று அங்குல அளவுக்கு இடைவெளி விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் மண் பீமையே முட்டும். அடுத்தது, பேஸ்மென்ட்டுக்குள் நிரப்பிய மண். தோண்டி எடுத்த கரிசலையே செலவு மிச்சம் என்று உள்ளே கொட்டி மூடுகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. சரளையோ கிராவலோதான் போட்டு, தண்ணீர் விட்டுத் திம்சு அடித்திருக்க வேண்டும். கரிசல் கிடந்தால் தரை போடும் முன் அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்தது, பணம் ஏன் பாதியில் தீர்ந்தது? உங்கள் கணவரும் நீங்களும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. நம் ஊரில் வீட்டுச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பேசுகிறோம். சதுர அடிக்கு இவ்வளவு, தொள்ளாயிரத்தால் பெருக்கு, அதுதான் வீட்டின் விலை என்று மனத்தில் ஒரு தொகையை எழுதிக்கொள்கிறோம். அந்தத் தொகைக்குள் பெரும்பாலும் போர்வெல் வராது. சம்ப், செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், மின் இணைப்பு, வரைபட அனுமதி, அலமாரிகள், சமையலறை மரவேலை எதுவும் வராது. கரிசலுக்கான கூடுதல் அடித்தளமும் வராது. மனை வாங்கும்போதே முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒரு பெரும் தொகை கையை விட்டுப் போயிருக்கும். வங்கி 30 லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தர ரிசர்வ் வங்கியின் விதி இடம் கொடுக்காது. அதையும் வேலை முடிந்த அளவுக்குத்தான் தவணை தவணையாக விடுவார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் நம் பணத்தில் முடித்துக் காட்டினால்தான் வங்கிப் பணம் வரும். இந்த இடைவெளிதான் எல்லோரையும் லிண்டலில் நிறுத்துகிறது.

ஆகவே இன்று உங்களுக்கு இருக்கும் ஒரே வேலை தளம் போடுவது. அது முடிந்தால் வங்கியின் அடுத்த தவணை வரும். மழைக்கும் வெயிலுக்கும் சுவர் தப்பும். மனத்திலும் பாதி பாரம் இறங்கும். பூச்சு, டைல்ஸ், தேக்குக் கதவு, எலிவேஷன், மாடுலர் கிச்சன் எல்லாவற்றையும் கணக்கு நோட்டில் வேறொரு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். தளத்துக்கு மட்டும் என்ன வேண்டும் என்று பொறியாளரிடம் தனிப்பட்டியல் வாங்குங்கள்: சென்ட்ரிங் வாடகை, கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், மின்குழாய், ஆள்கூலி. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்கள் மதிப்பீடு அதற்கு முன்னால் போட்டது என்றால் விலையைப் புதிதாகக் கேட்டு எழுதுங்கள். அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகை, மொத்த வீட்டை நினைத்து நீங்கள் பயப்படும் தொகையைவிட வெகு சிறியது. அதற்காக நகையை அடகு வைப்பதா, சேமநிதியில் எடுப்பதா என்பதை இருவரும் பகல் நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அசந்துபோன ராத்திரியில் பணக் கணக்கு பேச வேண்டாம்.

மழை முடியும்வரை வேலை நின்றிருக்கும் என்றால் கட்டியது கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூண் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் அடித்துவிட்டால் துரு ஏறாது. சுவரின் மேல்மட்டத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். மிஞ்சிய சிமெண்ட் மூட்டைகளை ஈரம் படாமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைத் தளத்துக்கோ பீமுக்கோ போடக் கூடாது. அதன் வலு குறைந்திருக்கும்.

இந்த வீட்டில் எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது என்று பிரிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும் எதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். அடித்தளம், கம்பி, கான்கிரீட், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், மின் ஒயர், எர்த், கழிவறையின் நீர்க்கசிவுத் தடுப்பு ஆகியவை அந்த வகை. கண்ணுக்குத் தெரிகிற எதையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். சாதாரண சிவப்பு ஆக்ஸைடு தரை போட்டுக் குடிபோய், பத்து வருஷம் கழித்து கிரானைட் போட்டவர்கள் இருக்கிறார்கள். தளத்துக்குள் புதைந்த கம்பியைப் பத்து வருஷம் கழித்து மாற்றியவர் யாரும் இல்லை.

கம்பி வந்து இறங்கும்போது எடையைச் சரிபார்க்க ஒரு கணக்கு சொல்கிறேன். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. எண்ணிக்கையால் பெருக்கி எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கல்லுக்கும் பழைய சோதனைகளே போதும்: இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மூன்றடி உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது.

தளம் போடும் நாள் இந்த முழு வேலையிலும் பெரிய நாள். விடியற்காலையில் மிக்ஸர் இயந்திரம் வந்து நிற்கும். சித்தாள்கள் வரிசையாக நின்று சட்டி கை மாற்றுவார்கள். உறவுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். மதியம் எல்லோருக்கும் பிரியாணி போடுவது நம் பக்கத்து வழக்கம். அந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் நீங்களோ உங்கள் கணவரோ ஒருவர் நான்கு விஷயங்களில் மட்டும் கண்ணாக இருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று முதல்நாள் மாலையே பாருங்கள். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பீமுக்கு 25-க்குக் குறையக் கூடாது. கம்பி பலகையில் படுத்துக் கிடந்தால் சில வருஷங்களில் துருப்பிடித்துக் காரை பெயர்ந்து விழும். அடுத்து, கலவை ஓடவில்லை என்று மிக்ஸரில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவார்கள்; விடாதீர்கள். ஒரு மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 27 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. வேலை சுலபமாக வேண்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு வாளியும் தளத்தின் வலுவைக் குறைக்கிறது. மூன்றாவது, வைப்ரேட்டர் இல்லாமல் போடக் கூடாது. நான்காவது, மறுநாளே தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பிபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் கடுமையாக இருந்தால் 14 நாள் அந்தத் தண்ணீர் வற்றக் கூடாது. சென்ட்ரிங்கைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். 15 அடிக்கு மேல் அகலமான அறை என்றால் 14 நாளாவது முட்டு நிற்கட்டும். பீமுக்கு அடியில் அதற்கும் மேல். எத்தனை நாள் என்பதைப் பொறியாளரிடமே எழுதி வாங்குங்கள். வாடகை கூடும், கொடுத்துவிடுங்கள்.

மேஸ்திரியைப் பற்றிக் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் முன்பணம் கேட்பதில் ஏமாற்று இருக்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவர் அவர். அந்த வாரம் கூலி போகாவிட்டால் திங்கட்கிழமை ஆள் வேறு வேலைக்குப் போய்விடும். அதே சமயம், செய்த வேலையைத் தாண்டிப் பணம் போய்விட்டால் உங்கள் கை கட்டப்பட்டுவிடும். இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சு என்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறியாளரை வைத்துக்கொண்டு, இதுவரை முடிந்த வேலையை மேஸ்திரியோடு சேர்ந்தே டேப் பிடித்து அளந்து, கொடுத்த பணத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மிச்ச வேலையை நிலை நிலையாகப் பிரித்து, எந்த நிலை முடிந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள். எது ஒப்பந்தத்தில் சேரும், எது சேராது என்பதையும் எழுதுங்கள்: சம்ப் யார் பொறுப்பு, படிக்கட்டுக்கு அடியில் பூச்சு உண்டா, லாஃப்ட் எத்தனை. முக்கால்வாசிச் சண்டை எழுதாமல் விட்ட இந்தச் சின்ன விஷயங்களில்தான் வருகிறது.

உங்கள் வீட்டில் செங்கல் சுமக்கும் பெண்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 1994-இல் தொடங்கிய அந்த வாரியத்தில் பதிந்திருந்தால் விபத்துக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், ஓய்வூதியத்துக்கும் உதவி உண்டு. இல்லாதவர்களுக்கு ஒரு நாள் ஒதுக்கி விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். நமக்கு வீடு கட்டித் தருகிறவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது.

உங்கள் மாமியார் முகப்பில் வளைவும் தூணும் வேண்டும் என்கிறார். உங்களுக்கோ அது வீண்செலவு. அவருடைய ஆசையை அலட்சியம் செய்யாதீர்கள். ஓட்டு வீட்டிலும் வாடகை வீட்டிலும் வாழ்நாளைக் கழித்தவருக்குத் தெருவிலிருந்து பார்த்தால் தன் வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் முகப்பு காத்திருக்கும். அவருக்காக இப்போதே செய்ய வேண்டியது வேறு இருக்கிறது. அவர் படுக்கும் அறையிலிருந்து குளியலறைக்குப் படி ஏறாமல், இறங்காமல் போக வேண்டும். அந்தக் கதவு அகலமாக இருக்க வேண்டும். உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. நாளைக்கு அவருக்கு நடக்க முடியாத நாள் வந்தால் இவைதான் கைகொடுக்கும். இதைச் சொல்லி, முகப்புக்கு இரண்டு வருஷம் தவணை கேளுங்கள்; அவர் ஒத்துக்கொள்வார்.

வெளிச்சுவரைப் பூசப் பணம் இல்லையே என்று வெட்கப்படவும் வேண்டாம். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் தன் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைப் பூசாத செங்கல் சுவரோடுதான் விட்டார். உங்கள் பக்கத்தில் மழையும் கேரளத்தை விடக் குறைவு. கட்டுவேலையின் இடுக்குகளைச் சிமெண்ட் கலவையால் நன்றாக அடைத்து, மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் முதலில் பூசிக்கொள்ளலாம். மிச்சம் பின்னால்.

ஒன்றே ஒன்றை மட்டும் பின்னால் என்று விடாதீர்கள்: மழைநீர். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. உங்களுக்கு அது சட்டத்துக்காக மட்டும் செய்யும் காரியம் ஆகாது. தொள்ளாயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். கோவில்பட்டியில் குடிதண்ணீருக்குப் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அதே தண்ணீரைக் குழாயிலிருந்து சுவரோரத்தில் விட்டால் கரிசலை ஊறவைத்து, நீங்கள் பாடுபட்டுப் போட்ட அடித்தளத்தையே சோதிக்கும். ஆகவே குழாய்களைச் சம்புக்குக் கொண்டுபோங்கள். சம்ப் நிறைந்து வழிவதை வீட்டை விட்டுத் தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகக் கான்கிரீட் போட்டுவிடுங்கள். வேம்போ புங்கையோ வைக்க ஆசை இருந்தால் மனையின் எல்லையில், சுவரிலிருந்து எட்டி வையுங்கள். மரத்தின் வேர் நீரை உறிஞ்சும் இடத்தில் கரிசல் இன்னும் சுருங்கும்.

இறக்கங்களையே எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. ஏற்றங்களும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. நிலை வைத்த அன்று உங்கள் மகள் மஞ்சள், குங்குமம் வைத்துவிட்டு, வெறும் நிலைக்குள் போய்ப் போய் வந்ததை இரண்டு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அடித்தளக் கம்பிகளின் எண்ணிக்கை குறைந்ததை உங்கள் கணவர் எண்ணிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்ததை எழுதியிருக்கிறீர்கள். ஆயத்த வீடு வாங்குகிறவருக்குத் தன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. உங்களுக்கு ஒவ்வொரு கம்பியும் தெரியும். சொந்தமாகக் கட்டுவதில் படும் அத்தனை பாட்டுக்கும் கிடைக்கும் கூலி இதுதான், இது பெரிய கூலி.

முழுதாக முடித்துத்தான் பால் காய்ச்ச வேண்டும் என்று காத்திருந்து வாடகையும் வட்டியும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். தளம் போட்டு, உட்பூச்சு முடித்து, ஒரு கழிவறை, ஒரு சமையல் மேடை, முறையான மின் இணைப்பும் எர்த்தும், தாழ்ப்பாள் உள்ள கதவும் ஜன்னலும், தண்ணீரும் இருந்தால் குடிபோகலாம். வாடகைக்குப் போகும் பணம் மாதாமாதம் வீட்டுக்குள் வர ஆரம்பிக்கும். மிச்ச வேலையை அதுவே செய்து முடிக்கும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், மாடிப்படிக்குக் கைப்பிடியும் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவரும் கட்டாமல் குடிபோகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்